புதுத்துணி எடுத்தால் அனுப்பிவிடுவார்கள்

அத்தை,

நேற்று என் வீட்டுக்குள் ஒரு புதுத்துணிக் கவர் வந்துவிட்டது. கும்பகோணத்துக் கடைக் கவர். உள்ளே ஒரு சின்னப் பெண்ணுக்கான பாவாடை சட்டை, அரக்குக் கலரில். பிரிப்பதற்கு முன்பே அந்த வாசனை வந்தது, கஞ்சியும் அட்டைப்பெட்டியும் கலந்த கடை வாசனை. எனக்கு அது ஆகாது என்று உங்களுக்குத் தெரியும். முப்பது வயதைத் தாண்டியாயிற்று, ஊர் ஊராகப் போய்க் கைக்குழந்தைகளுக்கு ஊசி போடுகிற நர்ஸம்மா என்று பெயரும் எடுத்தாயிற்று. இன்னமும் அந்த வாசனை வந்தால் கண் முதலில் வாசல் எங்கே என்றுதான் தேடுகிறது.

கவரைக் கொண்டுவந்தவள் நிவேதா. நம் வலங்கைமான்காரிதான். தஞ்சாவூரில் சினிமா சம்பந்தப்பட்ட படிப்பு, கடைசி வருஷம். ஒரு குறும்படம் எடுத்துக் கொடுத்தால்தான் பாஸாம். "பெத்தவங்க இல்லாம, வேற வீட்ல வளர்ற பொண்ணு அக்கா. யாரையும் நம்பாத பொண்ணு. அந்தக் கேரக்டரை உருவாக்க நீங்கதான் ஹெல்ப் பண்ணணும்" என்று ஒரு மாதமாக என் வாசலில் ஸ்கூட்டியை நிறுத்திக்கொண்டிருக்கிறாள்.

எனக்கு இவள்மேல் முதல் நாளிலிருந்தே சந்தேகம். நான் போட்ட காபி சூப்பராக இருக்கிறது என்றாள். அன்றைக்கு நான் சர்க்கரை போடவே மறந்திருந்தேன். சர்க்கரை இல்லாத காபியைச் சூப்பர் என்கிறவளுக்கு என்னிடமிருந்து என்னமோ வேண்டும் என்றுதானே அர்த்தம்? போனை மேஜைமேல் கவிழ்த்து வைத்தாள். "ரெக்கார்டு ஓடுதா?" என்றேன். "ஐயோ, இல்லக்கா." "திருப்பு, பாப்பம்." திருப்பினாள். ஓடவில்லை. ஓடாததும் எனக்குச் சந்தேகமாகத்தான் இருந்தது.

சிரிக்காதீர்கள். இந்தப் புத்தியைப் பார்த்துத்தானே, "இவ கோயில்ல கொடுத்த விபூதியையே மோந்து பாத்துட்டுத்தான் பூசுவா" என்று தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தீர்கள்.

அவள் எழுதிவைத்திருந்த கதையில் அந்தப் பெண் எடுத்த எடுப்பில் அழுகிறாள். அழ மாட்டாள் என்றேன். "அழுதா யாராவது கிட்ட வந்து தொடுவாங்க. அதுக்கு இடம் கொடுக்க மாட்டா." வயலில் நாற்றைப் பறித்து வேறு வயலில் நடுகிற மாதிரி ஒரு ஷாட் வைத்திருக்கிறேன், ஸிம்பாலிக்காக, என்றாள். எனக்குக் கோபம் வந்துவிட்டது. "நாத்து பயப்படாதுடி. பறிச்சா கொண்டுபோற இடத்துக்கு வரும். அதோட இப்ப மெஷின்தான் நடுது, எங்க போய் எடுப்ப?" முகம் தொங்கிப்போய்விட்டது பாவம்.

கொடுக்கக்கூடியதைக் கொடுத்தேன். செருப்பை வாசலில் விட மாட்டாள், பாய் பக்கத்தில் வைத்துக்கொண்டு படுப்பாள். பையிலிருக்கிற துணியை அலமாரியில் வைக்க மாட்டாள். ரெண்டாவது தடவை சோறு கேட்க மாட்டாள், ஆனால் ஒரு வாழைப்பழத்தை எடுத்து ஒளித்துவைப்பாள். இதெல்லாம் என்னைப் போல வளர்ந்த யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். நம்முடையதை நான் தொடவில்லை.

நேற்றுத்தான் மாட்டிக்கொண்டேன். கவரை நீட்டி, "இதுதான் அக்கா முக்கியமான ஸீன். வளர்ப்பு அம்மா இதை எடுத்துக் கொடுக்குறாங்க. இவ துணியைப் பாத்ததும் ஓடி வந்து கட்டிப் பிடிச்சுக்குறா. முதல் தடவையா சிரிக்கிறா. அம்மாங்குறா. பின்னாடி மியூசிக்" என்றாள்.

"இது தப்பு."

"ஏன் அக்கா?"

"தப்புன்னா தப்பு."

"நாளான்னைக்கு ஷூட்டிங் அக்கா. தப்புன்னா எப்படி எடுக்கணும்னு சொல்லுங்க."

"கவரை வெச்சுட்டுப் போ. நாளைக்கு வா."

அவள் போன பிறகு அந்தக் கவருக்கு எதிரே உட்கார்ந்திருந்தேன். சொன்னால், நம் ரெண்டு பேருக்குள் மட்டுமே இருந்தது, அதுவும் வாய்விட்டுப் பேசிக்கொள்ளாமலே இருந்தது, எவன் எவனோ கைதட்டுகிற திரைக்குப் போய்விடும். சொல்லாவிட்டால், ஒரு பாவாடையைக் காட்டி ஒரு பிள்ளையை வாங்கின அம்மா ஒருத்தி அந்தத் திரையில் நிற்பாள். பார்க்கிறவர்கள் உங்களை மாதிரி அம்மாக்கள் எல்லோரும் அப்படித்தான் என்று நினைத்துக்கொள்வார்கள். உங்களை அப்படி நிறுத்த எனக்கு மனசு வரவில்லை.

நான் உங்கள் வீட்டுக்கு வந்தது தத்துப் பிள்ளையாக அல்ல. ஆளில்லாத பிள்ளையைக் கொஞ்ச காலம் ஒரு குடும்பத்தில் வைத்து வளர்க்கச் சொல்லி அரசாங்கம் செய்கிற ஏற்பாடு அது. வேண்டாமென்றால் திருப்பி அனுப்பலாம். யாரும் எனக்கு அதை விளக்கிச் சொல்லவில்லை. எனக்குத் தெரியும். அனுப்பப்படுவதில் எனக்கு அனுபவம் உண்டு.

முத்துப்பேட்டைப் பக்கம் கடலோரத்தில் பிறந்தவள். கடலுக்குப் போன அப்பா வரவில்லை. மீன் கூடை தூக்கின அம்மா காய்ச்சலில் போனாள். பெரியப்பா வீட்டில் இருந்தேன். ஒருநாள் பச்சை கவுன் எடுத்துக் கொடுத்தார்கள், புதுசு. போட்டுக்கொண்டு தெருவெல்லாம் காட்டினேன். மறுநாள் சித்தி வீட்டில் கொண்டுபோய் விட்டார்கள். சித்தி மஞ்சள் பூப்போட்ட பாவாடை எடுத்தாள். ஆதரவில்லாத பிள்ளைகள் இல்லத்துக்கு அனுப்பினாள். இல்லத்தில் நீலச் சுடிதார் கொடுத்தார்கள். உங்கள் வீட்டு வாசலில் ஜீப் நின்றது. போகிற இடத்தில் பிள்ளை பார்க்க லட்சணமாக இருக்க வேண்டும் அல்லவா? அவர்களைக் குறை சொல்ல முடியாது. ஆனால் எனக்கு விஷயம் பிடிபட்டுவிட்டது. புதுத்துணி எடுத்தால் அனுப்பப்போகிறார்கள்.

உங்களையும் சந்தேகப்பட்டேன். மீன் குழம்பில் நடுத்துண்டை எனக்கு வைத்தீர்கள். கடலோரத்துப் பிள்ளைக்குத் தெரியாதா, எந்தத் துண்டு யார் தட்டுக்குப் போகும் என்று? நடுத்துண்டு விருந்தாளிக்கு. விருந்தாளி என்றால் கிளம்ப வேண்டியவள். வாலை எடுத்துக்கொண்டு நடுத்துண்டைத் திரும்பச் சட்டியில் போட்டேன். "ஏன்டி, என் கைக்குழம்பு உனக்கு எறங்காதோ?" என்று ஒரு சத்தம் போட்டீர்களே, அப்போதுதான் எனக்குக் கொஞ்சம் நிம்மதி. அனுப்பப்போகிறவர்கள் கடைசியில் ரொம்ப அன்பாகப் பேசுவார்கள். நீங்கள் திட்டிக்கொண்டே இருந்தீர்கள். லேசுப்பட்ட வாயா அது? வயலில் இருக்கிற போர்செட்டில் நின்று கூப்பிட்டால் மெயின் ரோட்டில் பஸ் நிற்கும்.

அப்புறம் மாமாவுக்கு அறுபது முடிந்தது. திருக்கடையூரில் அறுபதாம் கல்யாணம் என்றீர்கள். அறுபது வயதில் கல்யாணமாம், யாரிடம் கதை விடுகிறார்கள் என்று நினைத்தேன். நான் இருந்த இல்லமும் அந்தப் பக்கம்தான், கடலோரமாக. அந்த வாரமே நீங்கள் கும்பகோணம் போய்வந்தீர்கள். எனக்கு அரக்குக் கலரில் பட்டுப் பாவாடை. மூலையில் மஞ்சள் தடவி, சாமி படத்துக்கு முன்னால் வைத்துவிட்டு, என்னைக் கூப்பிட்டு, அதுவரை பேசாத ஒரு குரலில், "பிடிச்சிருக்காடா தங்கம்?" என்றீர்கள்.

தங்கம் என்றதும் முடிவே கட்டிவிட்டேன்.

கிளம்புகிற அன்றைக்கு விடியக்காலை வீடே அல்லோலகல்லோலம். பாவாடையைக் காணோம். நெல் பத்தாயத்துக்குள் நான்தான் தள்ளிவிட்டிருந்தேன். "எங்கடி வெச்ச?" "தெரியாது." உங்கள் நாத்தனார், "யாருக்காவது தூக்கிக் கொடுத்திருக்கும். நான் அப்பவே சொன்னேன், ஊர் பேர் தெரியாததை எல்லாம் வீட்ல சேக்காதீங்கன்னு" என்றார். நீங்கள் என்னை அடிக்கக் கையை ஓங்கினீர்கள். அடிக்கவில்லை. நான் பழைய பள்ளிக்கூட யூனிஃபார்மில், என் பையை மடியில் வைத்துக்கொண்டு வேனில் ஏறினேன். "பை எதுக்குடி?" என்று யாரோ கேட்டார்கள். பையை இன்னும் இறுக்கிக்கொண்டேன்.

மாயவரம் தாண்டியதும் காற்றில் உப்பு வந்தது. வழியெல்லாம் எங்கே வண்டி நிற்கப்போகிறது என்று பார்த்துக்கொண்டே வந்தேன். டீ குடிக்க நிறுத்தியபோது நான் இறங்கவே இல்லை. இறங்கினால் வண்டி கிளம்பிவிடும்.

கோயிலில் உங்களையும் மாமாவையும் மணையில் உட்காரவைத்து, தலைக்குமேல் சல்லடை பிடித்து, கலசத் தண்ணீரை ஊற்றினார்கள். "பிள்ளைகள் எல்லாம் வந்து ஊத்துங்கோ" என்றார் குருக்கள். சென்னையிலிருந்து வந்த உங்கள் மகன் ஊற்றினார், மருமகள் ஊற்றினார், பேரப் பிள்ளைகள் ஊற்றினார்கள். நான் தூணுக்குப் பின்னால் வெளிவாசலைப் பார்த்தபடி நின்றேன். முகத்தில் தண்ணீர் வழிய, கண்ணைத் திறக்க முடியாமல், நீங்கள் கத்தினீர்கள். "அவ எங்க? ஏ, எங்க போய்த் தொலைஞ்ச? வந்து ஊத்துடி!"

வந்தேன். சொம்பைக் கையில் கொடுத்தார்கள். உங்கள் காதுக்குப் பக்கத்தில் குனிந்து, இதற்குமேல் பொறுக்க முடியாமல் கேட்டேன். "என்னை எங்க விட்டுட்டுப் போவீங்க அத்தை? இங்கயேவா, இல்லத்துலயா?"

நீங்கள் கண்ணைத் திறந்தீர்கள். "என்னடி சொல்ற?"

"புதுத்துணி எடுத்தீங்களே."

சுற்றிலும் மேளச் சத்தம். மாமாவுக்குக் காதில் விழுந்திருக்க வேண்டும், திரும்பிப் பார்த்தார். நீங்கள் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தீர்கள். அப்புறம், "ஊத்துடி முதல்ல. குளிருது" என்றீர்கள். ஊற்றினேன்.

என்னைக் கட்டிப் பிடிக்கவில்லை. ஒரு ஆறுதலும் சொல்லவில்லை. சாயங்காலம் எல்லோரோடும் என்னையும் வேனில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டீர்கள், அவ்வளவுதான். வலங்கைமான் பெயர்ப்பலகையைப் பார்க்கிற வரைக்கும் நான் பையை விடவில்லை.

அதன் பிறகு நீங்கள் எனக்குப் புதுத்துணி எடுக்கவே இல்லை. பத்தாயத்துப் பாவாடை பிறகு கிடைத்தபோது நெல்லைத் தட்டிவிட்டு எங்கேயோ வைத்துவிட்டீர்கள். வருஷங்கள் ஓடின. எனக்குத் துணி என்பது கொடியிலிருந்து வந்தது. உங்கள் சேலைக்கும் மாமாவின் வேட்டிக்கும் நடுவில் ஒரு சட்டை தொங்கும். "யாருது அத்தை?" "உன்னுதுதான். எடுத்து ரொம்ப நாளாச்சு, நீதான் பாக்கல." தீபாவளிக்கு உங்கள் பேரப் பிள்ளைகள் மூலையில் மஞ்சள் வைத்த புதுத்துணியில் மொடமொடவென்று நடப்பார்கள். எனக்குக் கசங்கின துணி, மஞ்சள் இல்லை, கஞ்சி இல்லை, சோப்பு வாசனை. சரிதான், யாரோ போட்டுக் கழித்ததை எனக்குத் தள்ளுகிறார்கள் என்று நினைத்தேன். வெளியே சொல்லவில்லை. உள்ளே கருவிக்கொண்டே இருந்தேன். வேடிக்கையைப் பாருங்கள், அனுப்பிவிடுவார்கள் என்ற பயம் போய், மட்டமாக நடத்துகிறார்கள் என்ற கோபம் வந்து உட்கார்ந்துகொண்டது. ஒருவகையில் அது வீட்டுப் பிள்ளையின் கோபம்தான். அப்போது தெரியவில்லை.

பத்தாவது படிக்கும்போது ஒருநாள் பரீட்சை முடிந்து மத்தியானமே வந்துவிட்டேன். வீடு பூட்டியிருந்தது. போர்செட்டில் இருப்பீர்கள் என்று வரப்போடு வந்தேன். வாழைக்கு இந்தப் பக்கமே நின்றுவிட்டேன். தொட்டிக்கரையில் உட்கார்ந்திருந்தீர்கள். பக்கத்தில் கடைக் கவர். கையில் ஒரு புத்தம் புதுச் சுடிதார். அதில் தொங்கின விலை அட்டையைப் பல்லால் கடித்து அறுத்துத் துப்பினீர்கள். துணியைத் தண்ணீரில் முக்கி, சோப்புப் போட்டு, கல்லில் மெதுவாகக் கும்மினீர்கள். கிழவிக்குப் புத்தி பேதலித்துவிட்டதா, நல்ல துணியை ஏன் பாழாக்குகிறாள் என்றுதான் முதலில் தோன்றியது. பிழிந்தீர்கள். மூக்குக்கிட்டே கொண்டுபோய் மோந்து பார்த்தீர்கள். முகத்தைச் சுளித்தீர்கள். மறுபடியும் முக்கினீர்கள்.

வாசனை போகிறதா என்று பார்க்கிறீர்கள்.

அத்தை, இத்தனை வருஷமாக நான் போட்டுக் கிழித்ததெல்லாம் புதுத்துணி. ஒவ்வொன்றையும் நீங்கள் இப்படி உட்கார்ந்து பழசாக்கியிருக்கிறீர்கள். சத்தம் போடாமல் ரோட்டுக்குத் திரும்பிப் போய், சைக்கிள் மணியை அடித்துக்கொண்டே மறுபடி வந்தேன். கவரைக் காணோம். "என்னடி சீக்கிரம் வந்துட்ட, பரீட்சையில ஒண்ணும் எழுதலயா?" என்றீர்கள்.

சாயங்காலம் கொடியில் அந்தச் சுடிதார். "யாருது அத்தை?" என்று கேட்டேன். கேட்காவிட்டால் உங்களுக்குச் சந்தேகம் வந்துவிடும். "உன்னுதுதான், பழசு" என்றீர்கள். சரி என்றேன். உள்ளே போய், என் பையிலிருந்த துணிகளை எல்லாம் எடுத்து அலமாரியில் அடுக்கினேன். நீங்கள் அரிசி களைந்துகொண்டே பார்த்தீர்கள். கையை நிறுத்தவில்லை.

இன்று நிவேதா வந்தபோது அவளுடைய பாவாடை சட்டை என் வீட்டுக் கொடியில் சொட்டிக்கொண்டிருந்தது. "ஐயோ அக்கா! துவைச்சுட்டீங்களா? கலரே போயிடுச்சே, கேமராவுல புதுசா தெரியணும் அக்கா!" என்று அழாத குறை.

"உட்காரு" என்றேன். சொன்னேன். பச்சை கவுனிலிருந்து போர்செட் வரைக்கும். போனை அவள் எடுக்கவே இல்லை, நானும் திருப்பச் சொல்லவில்லை. முடிந்ததும் கொடியைப் பார்த்தாள். "அப்ப கட்டிப் பிடிக்கிற ஸீன் வேண்டாம்ல?" என்றாள்.

"வேண்டாம்."

"கடைசியிலயாவது அம்மான்னு கூப்பிடுவாளா?"

"கூப்பிட மாட்டா. கொடியிலேர்ந்து எடுத்துப் போட்டுக்குவா. அதைப் பாத்துப் புரிஞ்சா புரியட்டும்."

எழுந்தவள் வாசலில் நின்று கேட்டாள். "நீங்க பாத்துட்டீங்கன்னு அவங்களுக்குத் தெரியுமா அக்கா? நீங்க சொல்லவே இல்லையா?" காபி டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டேன். எல்லாவற்றையும் அவளுக்குக் கொடுத்துவிட முடியாது. அது படத்துக்கு இல்லை, உங்களுக்கு.

நீங்கள் போனது அறுப்பு நேரம். மாமா போன் செய்தபோது தடுப்பூசி முகாமில் இருந்தேன். கோடிப் புடவை எடுத்துக்கொண்டு வரச் சொன்னார். கடைக்குப் போய் உங்களுக்குப் பிடித்த பச்சைக் கரையில் ஒரு நூல் புடவை வாங்கினேன். கடைக்காரர் கவரில் போட்டுக் கொடுத்தார். பஸ் ஸ்டாண்டுக்குப் போகாமல் நேராக என் வீட்டுக்கு வந்தேன். அட்டையைப் பல்லால் கடித்து அறுத்தேன். குழாயடியில் உட்கார்ந்து துவைத்தேன். அழுதுகொண்டே துவைத்தேன். மோந்து பார்த்தேன், போகவில்லை. மறுபடி துவைத்தேன். காயவைக்க நேரமில்லை. பிழிந்து கையில் போட்டுக்கொண்டு பஸ்ஸில் வந்தேன்.

முறை செய்யக் கூப்பிட்டபோது உங்கள் நாத்தனார்தான் புடவையைத் தொட்டுப் பார்த்தார். "என்னடி ஈரமா இருக்கு? துவைச்சியா? தண்ணி படாத துணிக்குத்தான்டி கோடின்னு பேரு. துவைச்சதை எவளாவது செத்தவ மேல போடுவாளா? இத்தனை வருஷம் இருந்தும் உனக்கு ஒரு முறை தெரியலையே!" எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

நாற்காலியில் இருந்த மாமா தலையை நிமிர்த்தினார். "போடட்டும் விடு" என்றார்.

"அண்ணே, முறைன்னு ஒண்ணு..."

"அவ இருந்தா அதைத்தான் கேப்பா. போடட்டும்."

போட்டேன். ஈரப் புடவை உங்கள்மேல் ஒட்டிக்கொண்டது. மற்றவர்கள் கொண்டுவந்தது எல்லாம் மேலே மேலே மொடமொடவென்று கிடந்தது, மஞ்சள் தடவி, கஞ்சி வாசனையோடு. அவர்கள் உங்களை அனுப்பிவைத்தார்கள், அத்தை. நான் அனுப்பவில்லை.

இருட்டப்போகிறது. காலையில் நிவேதா வந்து பாவாடையை எடுத்துக்கொள்வாள். அதைப் போட்டுக்கொள்ளப்போகிற குழந்தை யாரென்று எனக்குத் தெரியாது, அவளுக்கு அம்மா அப்பா எல்லாம் இருப்பார்கள். இருந்தாலும் இப்போது எழுந்து போய்க் கொடியில் மோந்து பார்த்தேன். கடை வாசனை இன்னும் கொஞ்சம் இருக்கிறது. இன்னொரு தண்ணி அலசிப் போட வேண்டும்.